கருத்து கேட்டா எழுதிப் போடுங்க

நேயர்களுக்கு வணக்கம். வெறுப்புப் பேச்சைத் தடுக்கச் சட்டம் வருது, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம்னு அறிவிப்பு வந்தா, ‘அது வக்கீலுங்க சமாச்சாரம்’னு விட்டுடறோம். கேரள எல்லையில குமுளி, பீர்மேடு பக்கம் மனு எழுதியே நரைச்சவன் நான். எனக்கு இது சரியாப் படல.

2011 டிசம்பர் ஞாபகம் இருக்கா? முல்லைப்பெரியாறு விவகாரம் கொதிச்ச நேரம். கம்பத்துல இருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டு வர்ற ஜீப்பெல்லாம் நின்னுபோச்சு. காய் பழுத்து சரத்துலேயே கிடக்குது, எடுக்க ஆளில்ல. அப்ப டீக்கடையில ஒருத்தர் ரெண்டு கவர்மெண்டையும் கிழிகிழின்னு கிழிச்சார். அவர் எப்பவும் அப்படித்தான், டீ ஆறிப்போனாலும் கவர்மெண்டுதான் காரணம். கொஞ்ச நேரத்துல இன்னொருத்தன் வந்தான். சத்தமே போடல. ‘எதிர்க்கடைக்காரன் எந்த ஊருன்னு தெரியுமில்ல? ராத்திரி பாத்துக்கலாம்’னான். அவ்வளவுதான். கடைக்காரம்மா பாய்லரை அணைச்சு, ஷட்டரை இறக்கிட்டாங்க.

கத்தினது முதல் ஆள். கடையைச் சாத்த வச்சது ரெண்டாவது ஆள். திரும்பவும் சொல்றேன், சட்டம் பிடிக்க வேண்டியது ரெண்டாவது ஆளை.

இப்ப இருக்கிற குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 196ஆம் பிரிவுல மதம், சாதி மட்டுமில்லீங்க, மொழி, பிறந்த இடம், குடியிருக்கிற இடம் இதையெல்லாம் சொல்லிப் பகை மூட்டினாலும் மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். எல்லையில இருக்கிற நமக்கு வேண்டிய சட்டம்தான். ஆனா வாசகம் பொத்தாம்பொதுவா இருந்துட்டா, டீக்கடையில கவர்மெண்டைக் கிழிச்சாரே, அவர் மாதிரி ஆளுங்களும் உள்ளே போயிடுவாங்க. கேரளத்துல 2020 நவம்பர்ல போலீஸ் சட்டத்துல 118ஏ-ன்னு ஒரு பிரிவை அவசரச் சட்டமாக் கொண்டுவந்தாங்க. மிரட்டல், அவதூறு, அவமதிப்பு எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே தண்டனை. எதிர்ப்பு கிளம்பி, சில நாள்லயே வாபஸ். முன்கூட்டியே நம்மைக் கேட்டிருக்கலாம். மத்திய அரசு தன்னோட மசோதாக்களுக்கு 2014ல வகுத்த கொள்கைப்படியே, மசோதா நகலைக் குறைஞ்சது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்கணும்.

‘நமக்குத் தமிழ்தானே தெரியும்’னு தயங்காதீங்க. குறைதீர்க்கக் கொடுக்கிற மனுவை, மாநிலத்துல புழங்குற எந்த மொழியிலயும் தரலாம்னு அரசியல் சாசனம் 350ஆம் பிரிவு சொல்லுது. கருத்துக் கடிதத்துக்கும் நான் முதல் வரியில அதைத்தான் எழுதுவேன்.

எப்படி எழுதணும்னு விவரமாச் சொல்ல இருந்தேன், நேரம் முடிஞ்சதுன்னு ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுறாங்க. சுருக்கமா: நீங்க கேட்ட பேச்சு, அதுக்கப்புறம் என்ன ஆச்சு, ரெண்டையும் எழுதுங்க. கடைசித் தேதிக்கு முன்னாடி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிடுங்க. ஒரு நகல் உங்க கையில. வணக்கம்.