ஆத்தங்கரையில நிக்கிற பிளஃப்

நேயர்களுக்கு வணக்கம். பிளஃப்னு சொன்னதும் நம்ம ஆளுங்களுக்கு சீட்டாட்டம்தான் ஞாபகம் வரும், கையில ஒண்ணுமே இல்லாம பந்தா விடுறது. நான் பேச வந்தது அது இல்லீங்க, ஆத்தங்கரையில சுவரு மாதிரி நிமிந்து நிக்கிற மேட்டுக்கும் இங்கிலீஷ்ல பிளஃப்னுதான் பேரு. மொதல்ல இது கப்பல்காரங்க பாஷை, முன்பக்கம் கூரா இல்லாம அகலமா மொக்கையா நிக்கிற கப்பல அப்படிச் சொல்லிட்டு இருந்தாங்க, அப்புறம் அமெரிக்காவுல குடியேறுனவங்க அதையே கரைக்கும் வச்சுட்டாங்க. 1733ல இங்கிலாந்துக்காரர் ஓகிள்தார்ப் ஜார்ஜியாவுல சவன்னா ஊர ஆரம்பிச்சதே யமக்ரா பிளஃப்ங்கிற மேட்டு மேலதான், ஆத்துலருந்து சுமார் 40 அடி.

மிசிசிப்பி ஆத்துல இது இன்னும் பளிச்சுனு தெரியும். தெக்க போகப் போக மேற்குக்கரை பெரும்பாலும் வெள்ளம் வந்தா முழுகுற தாழ்வான நிலம், கிழக்க பிளஃப், அதனால மெம்ஃபிஸ், விக்ஸ்பர்க், நாட்செஸ் எல்லாமே கிழக்குக்கரை மேட்டுலதான் உக்காந்திருக்கு. இதுல விக்ஸ்பர்க் மேடு பாறையே கிடையாது, பனியுகத்துல காத்து அடிச்சுக் கொண்டாந்து குவிச்ச நைசான லோயஸ் மண்ணு. நேரா செங்குத்தா வெட்டுனா அப்படியே நிக்கும், சரிவா வெட்டுனாதான் மழை கரைச்சுட்டுப் போயிடும், கேக்க தலைகீழா இருக்குல்ல? 1863ல உள்நாட்டுப் போர் நடந்தப்போ வடக்குத் தரப்புத் தளபதி கிராண்ட்டோட படை 47 நாள் ஊர முற்றுகை போட்டுச்சு, வெளிய குண்டு விழுந்துட்டே இருக்க ஜனங்க இந்த மண்ணைக் குடைஞ்சு, உள்ள கட்டில் நாற்காலி பாய் விரிப்பெல்லாம் போட்டு குடும்பம் நடத்துனாங்க. குடைஞ்சது பெரும்பாலும் அடிமைகளா இருந்த கறுப்பினத்தவங்க, அத யாரும் அவ்வளவா சொல்றதில்ல. 1876ல பாருங்க, ஆறே தடம் மாறி ஊர விட்டுத் தள்ளிப் போயிடுச்சு, 1903ல கால்வாய் வெட்டி யாசூ ஆத்த திருப்பி விட்டுதான் மறுபடி ஊர் முன்னாடி தண்ணி பாத்தாங்க.

அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல கவுன்சில் பிளஃப்ஸ்னு ஒரு ஊரு. 1804ல மேற்குப் பக்கத்தை ஆராயப் போன லூயிஸும் கிளார்க்கும் பழங்குடித் தலைவர்களோட கூடிப் பேசுன மேட்டோட பேருதான் அது, ஆனா கூட்டம் நடந்தது மிசௌரி ஆத்துக்கு அந்தக்கரையில, வடக்க தள்ளி, இப்போ நெப்ராஸ்கா.

ஆறுதான் இருக்கணும்னு இல்ல, டொராண்டோவுல நம்ம தமிழங்க நிறைய இருக்கிற ஸ்கார்பரோவோட பிளஃப்ஸ் இருக்கிறது ஏரிக்கரையில. அதே கனடாவுல மேற்க புல்வெளி மாகாணத்துப் பக்கம் போய் பிளஃப் எங்கன்னு கேட்டா மரக்கூட்டத்தைக் காட்டுவாங்க, வெட்டவெளியில அங்கங்க கொத்தா நிக்கிற மரத்துக்கு அங்க அதான் பேரு, அதனால அந்தப் பக்கம் வழி கேக்குறவங்க மேட்டைத் தேடிட்டு நிக்காதீங்க.