தொப்பிக்காரருக்கு ஏன் தண்டனை?

(திரையில்: மங்கலான விளக்கு. குடித்துவிட்டுத் தூங்கும் ஒரு மன்னர்.)

குரல்: சீனா ஒரே பேரரசாவதற்கு முந்தைய காலம். ஹான் என்ற நாட்டு மன்னர் ஜாவ் போதையில் அப்படியே தூங்கிப்போனார். குளிருமே என்று, அவருடைய தொப்பிக்குப் பொறுப்பான பணியாள் ஓர் அங்கியை எடுத்துப் போர்த்திவிட்டார். கண் விழித்த மன்னருக்கு மகிழ்ச்சி. "யார் போர்த்தியது?" என்றார். "தொப்பிக்காரர்" என்றார்கள்.

இரண்டு பேருக்குத் தண்டனை கிடைத்தது. உடைக்குப் பொறுப்பானவர் தன் வேலையைச் செய்யவில்லை. தொப்பிக்காரரோ தன்னுடையதல்லாத வேலையைச் செய்துவிட்டார்.

இதைச் சொல்பவர் ஹான் ஃபெய். கி.மு. 233-இல் இறந்த சிந்தனையாளர். மன்னர் செய்தது சரிதான் என்பது அவர் கட்சி. குளிரைவிட, பணியாள் எல்லை தாண்டுவதுதான் அவருக்குப் பெரிய ஆபத்து.

இந்தச் சிந்தனைக்குச் சீனத்தில் ஃபாஜியா என்று பெயர். ஆங்கிலத்தில் லீகலிசம், அதாவது சட்டவாதம். குழப்பம் இங்கேதான். கிறிஸ்தவர்களும் இதே சொல்லை வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் அடுத்தவரைக் குறை சொல்ல.

(திரையில்: உள்ளங்கையில் எண்ணப்படும் சீரகம்.)

பைபிளில் மத்தேயு 23-ஆம் அதிகாரம். சீரகத்தில்கூடப் பத்தில் ஒரு பங்கு கணக்காகக் கொடுத்துவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்களே என்று, மதச் சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடித்த யூதப் பிரிவினரான பரிசேயரை இயேசு கடிந்துகொள்கிறார். சீரகக் கணக்கே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, அதையும் விடக்கூடாது என்கிறார். பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். அப்புறம் இயேசுவின் செய்தியைப் பரப்பிய பவுல் வருகிறார். யூத முறைப்படி விருத்தசேதனம் (நுனித்தோல் நீக்கம்) செய்தே ஆகவேண்டும் என்றவர்களோடு, கலாத்தியருக்கு அவர் எழுதிய நிருபம் (கடிதம்) முழுக்கச் சண்டை. கடவுள் முன்னால் மனிதன் நீதிமானாவது எதனால், நியாயப்பிரமாணத்தாலா (மோசேயின் சட்டத்தாலா), விசுவாசத்தாலா என்பதுதான் வழக்கு.

ஃபாஜியாவில் இந்தக் கேள்வியே கிடையாது. ஹானைப் போல இன்னொரு நாடான சின்னில் கி.மு. 356 வாக்கில் சீர்திருத்தம் தொடங்கிய அமைச்சர் ஷாங் யாங்குக்கு (ஷாங் பிரபு என்றும் சொல்வார்கள்), குடிமகனின் உள்ளம் சுத்தமா என்பது பொருட்டே இல்லை. உழ வேண்டும், போருக்குப் போக வேண்டும். குடும்பங்களை ஐந்தைந்தாகக் கட்டிவைத்தார். ஒரு வீட்டின் குற்றத்தை மறைத்தால் பக்கத்து வீடும் மாட்டும். பரிசேயரிடம் இரக்கம் விடுபட்டுப்போனது என்பது இயேசுவின் குறை. ஹான் ஃபெய்யின் அரண்மனையிலோ இரக்கம்தான் குற்றம்.

ஓர் ஒற்றுமை உண்டு. எந்தக் கிறிஸ்தவரும் தன்னைச் சட்டவாதி என்று சொல்லிக்கொள்வதில்லை. ஃபாஜியா என்ற முத்திரையும் பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் குத்தியதுதான்.

(திரையில்: இரவு. எல்லைப்புற விடுதியின் கதவு.)

கி.மு. 338. ஷாங் யாங்கை ஆதரித்த மன்னர் இறந்துவிட்டார். புதிய மன்னரின் ஆட்கள் தேடுகிறார்கள். எல்லையில் ஒரு விடுதிக் கதவைத் தட்டி இடம் கேட்கிறார் ஷாங் யாங். வந்திருப்பது யார் என்று விடுதிக்காரருக்குத் தெரியாது. சீமா சியென் எழுதிய வரலாற்றில் அவர் சொல்லும் பதில் இதுதான்: அடையாளச் சீட்டு இல்லாதவரைத் தங்கவைத்தால் எனக்குத் தண்டனை, ஷாங் பிரபுவின் சட்டம் அப்படி.