பிரிக்கிறதுக்கு ஆங்கிலத்தில் ஏன் இத்தனை சொல்?

வணக்கம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் எழுதுகிற ஆங்கிலத்தில் ஒரு சொல் எல்லா இடத்துக்கும் ஓடி வரும்: டிவைட். கேக்கை டிவைட் பண்ணினார்கள், மீனை டிவைட் பண்ணினார்கள், சண்டை பிடித்த இரண்டு பேரையும் டிவைட் பண்ணினார்கள். கேக் சரி. மற்ற இரண்டும் சரியில்லை. ஏன் என்று திருகோணமலையை வைத்தே பார்ப்போம்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். கையில் இருப்பது ஆரம்பத்தில் ஒன்றாக இருந்ததா, இல்லை பல சேர்ந்து கிடந்ததா?

(திரையில்: புல்மோட்டைக் கடற்கரை, கறுப்பு மணல்)

புல்மோட்டை மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் என்று கனிமங்கள் கலந்து கிடக்கின்றன. இல்மனைட்டைப் பலமான காந்தம் இழுக்கும், மற்ற இரண்டையும் இழுக்காது. ரூட்டைலில் மின்சாரம் பாயும், சிர்க்கோனில் பாயாது, அதனால் மின்னேற்றத்தை வைத்து அந்த இரண்டையும் தனித்தனியாக எடுத்துவிடலாம். இந்த வேலைக்குப் பெயர் செபரேட். அங்கே யாரும் எதையும் வெட்டவில்லை, வேறு வேறாக இருந்தவை வேறு வேறாகப் போயின, அவ்வளவுதான். அதே மணலைப் பத்து மூட்டையில் பங்கு பங்காகக் கட்டினால் அது டிவைட், ஒவ்வொரு மூட்டையிலும் அதே கலவைதான் இருக்கும். சண்டை பிடித்தவர்களையும் செபரேட்தான் பண்ண வேண்டும், அவர்கள் ஏற்கனவே இரண்டு பேர்.

(திரையில்: கோணேசர் கோயிலுக்குப் பக்கத்தில் பாறைப் பிளவு)

இராவணன் வெட்டு. தாய் வணங்குவதற்காக இந்த மலையையே பெயர்த்துக்கொண்டு போக இராவணன் வாளால் வெட்டினான் என்பது ஐதீகம். இதை ஆங்கிலத்தில் கிளெஃப்ட் என்பார்கள், கிளீவ் என்ற வினையிலிருந்து வந்தது. விறகு, பாறை, வைரம் மாதிரி உள்ளே ஒரு வரி ஓடுகிற பொருளை அந்த வரியோடு பிளப்பதுதான் கிளீவ். இதே கிளீவுக்குப் பின்னால் ‘டு’ போட்டால் ஒட்டிக்கொள்வது என்று அர்த்தம் தலைகீழாகிவிடும், 1611 இல் வந்த ஆங்கில பைபிளில் கணவன் மனைவியோடு இணைந்திருப்பதற்கு இந்தச் சொல்தான் வருகிறது. பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு தனிச் சொற்கள், போகப்போக ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. இன்றைக்குப் பேச்சில் கிளீவ் குறைவு, ஸ்பிளிட்தான் அதிகம். ஸ்பிளிட் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, பாறையில் மோதிக் கப்பல் உடைவதைச் சொல்கிற சொல்லாக இருந்தது. துறைமுக ஊர்க்காரருக்கு இது மறக்காது என்று நினைக்கிறேன். இப்போது உப்புவெளியில் சாப்பிட்டுவிட்டு ஆளுக்குப் பாதி காசு போட்டாலும் ஸ்பிளிட்தான்.

அடுத்து மீன் சந்தை. அறக்குளாவைக் குறுக்கே வெட்டினால் நடுமுள் வட்டமாகத் தெரிகிற துண்டு வருமே, அது ஸ்டேக். முள்ளோடு ஒட்டிக் கத்தியை நீளமாக ஓட்டிச் சதையை மட்டும் எடுத்தால் ஃபில்லட். செதில் எடுப்பது ஸ்கேல். குடல் எடுப்பது கட், ‘சி’யில் தொடங்கும் கட் இல்லை, ‘ஜி’யில் தொடங்குவது. குழம்புக்கு வெங்காயத்தைக் கண்டபடி நறுக்கினால் சாப், ஒரே அளவுச் சதுரமாக நறுக்கினால் டைஸ், மெல்லிய வில்லையாக எடுத்தால் ஸ்லைஸ். இவற்றை வீட்டுக் குசினியில் சொல்லிப் பார்த்தாலே வந்துவிடும்.

காணிக்கு வேறு சொல். சகோதரர்களுக்கு இடையில் பிரியாமல் கிடக்கிற முதுசக் காணிக்கு நீதிமன்றம் போனால் அது பார்ட்டிஷன் வழக்கு, 1977 இன் 21ஆம் இலக்கச் சட்டம் அதற்குத்தான். 1947 இல் இந்தியாவும் பாகிஸ்தானும் பிரிந்ததற்கும் இதே சொல்.

ஆனால் நம் மாகாணத்துக்கு ஆங்கிலப் பத்திரிகைகள் பார்ட்டிஷன் என்று எழுதவில்லை. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் வழியே இணைந்த வடக்கையும் கிழக்கையும் 2006 இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பிரித்தபோது வந்த சொல் டிமேர்ஜ். அந்த இணைந்த மாகாணத்துக்குத் திருகோணமலைதான் தலைநகர், அதனால் இந்தச் சொல்லை நாம் கவனித்துப் படிக்க வேண்டும். டிமேர்ஜ் என்றால் முன்பே இரண்டாக இருந்தவற்றைப் பழையபடி ஆக்கியதாகிறது, டிவைட் என்றால் ஒன்றாக இருந்ததைத் துண்டாக்கியதாகிறது. எழுதுகிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது அந்த ஒரு வினையிலேயே தெரிந்துவிடும்.

கடைசியாகப் புள்ளி பறிபோகிற இடங்கள். டிவைட்டுக்குப் பின்னால் துண்டு வந்தால் ‘இன்டு’, ஆட்கள் வந்தால் ‘பிட்வீன்’ அல்லது ‘அமங்’. செபரேட்டுக்குப் பின்னால் ‘ஃப்ரம்’. செபரேட் எழுதும்போது ‘பி’க்குப் பிறகு ‘ஏ’, நிறையப் பேர் ‘ஈ’ போடுகிறார்கள். வினையாக வந்தால் செபரேய்ட் என்று கடைசியை நீட்டுங்கள். தனி அறை, தனி வீடு என்று சொல்ல வரும்போது செப்ரட் என்று சுருக்கிவிடுங்கள்.