மூச்சு போய்ச் சேரும் இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

நாம் இழுக்கும் மூச்சு நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. அதிலுள்ள ஆக்சிஜன் இரத்தத்தில் ஏறி, செல்களுக்குள் நுழைந்து, பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியா என்ற, செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணிய உறுப்பில்தான் செலவாகிறது. அந்த மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பாக்டீரியா. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது பழகிப்போகவில்லை.

முதலில் காற்றின் கதை. பூமிக்கு வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். அதில் முதல் 200 கோடி ஆண்டுகளும் காற்றில் ஆக்சிஜன் இல்லை என்றே சொல்லலாம். கடலில் சயனோபாக்டீரியா, அதாவது பள்ளியில் நீலப்பச்சைப் பாசி என்று படித்தோமே அவை, வெயிலைக்கொண்டு தண்ணீரைப் பிளந்து பிழைத்தன. ஆக்சிஜன் அவற்றுக்கு வெறும் கழிவு. அது சேரச் சேர, சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றே மாறியது. இது எப்படித் தெரியும்? அதற்கு முந்தைய பாறைகளில் கந்தக ஐசோடோப்புகள், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் கந்தக அணுக்கள், ஒரு விசித்திரமான விகிதத்தில் இருக்கின்றன. ஆக்சிஜன் இல்லாத காற்றில் புற ஊதாக் கதிர் பட்டால்தான் அந்த விகிதம் வரும், பாறையிலும் தங்கும். பிந்தைய பாறைகளில் அது காணாமல் போகிறது.

பழகாத உயிர்களுக்கு ஆக்சிஜன் நஞ்சு. ஆனால் சில பாக்டீரியா அதை வைத்தே உணவை எரித்தன. செல்லின் ஆற்றல் நாணயம் ஏடிபி என்ற மூலக்கூறு. ஒரு குளுக்கோஸை நொதிக்கவிட்டால் கிடைப்பது 2 ஏடிபி. ஆக்சிஜனோடு எரித்தால் சுமார் 30.

அப்படிப்பட்ட ஒன்றுதான் இன்னொரு செல்லுக்குள் குடிபுகுந்து மைட்டோகாண்ட்ரியா ஆனது. இதை விரிவாக வாதாடி அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் எழுதிய கட்டுரையைப் பல இதழ்கள் திருப்பி அனுப்பின; 1967இல்தான் அச்சேறியது. இன்று சான்றுக்குப் பஞ்சமில்லை. மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்த டிஎன்ஏ உண்டு. நம்முடையதில் 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள், அதுவும் பாக்டீரியாவைப் போல வட்டமாக. மற்ற மரபணுக்களில் சில உட்கருவுக்குக் குடிபெயர்ந்தன, பல தொலைந்தே போயின.

சரி, ஏன் சேர்ந்தன? ஆக்சிஜன் நஞ்சுக்குப் பயந்து ஒன்றை ஒன்று அண்டின என்றுதான் நானும் வகுப்பில் பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். அந்த பாக்டீரியாவுக்கு இடம் கொடுத்த, நம் செல்களின் மூதாதைக்கு நெருங்கிய உறவு ஆஸ்கார்ட் ஆர்க்கியா; ஆர்க்கியா என்பவை பாக்டீரியா போலத் தோன்றினாலும் வேறு வகை நுண்ணுயிர்கள். அவற்றின் டிஎன்ஏ சுவடு 2015இல் ஆர்க்டிக் கடலடிச் சேற்றில் கிடைத்தது. அந்தக் குழுவைச் சேர்ந்த ஒன்றை ஜப்பானிய ஆய்வாளர்கள் தங்கள் கடலின் ஆழச் சேற்றிலிருந்து எடுத்து, 12 ஆண்டுகள் பொறுமையாக வளர்த்து, 2020இல் உலகுக்குக் காட்டினார்கள். ஒன்று இரண்டாகப் பெருக இரண்டு, மூன்று வாரம் ஆகுமாம்! அந்தப் பொறுமையை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

அந்த உயிர் ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் வாழ்கிறது. தனியாகவும் வளர்வதில்லை. அது வெளியேற்றும் ஹைட்ரஜனைத் தின்ன பக்கத்தில் இன்னொரு நுண்ணுயிர் வேண்டும். அடுத்தடுத்த வீட்டார் குழம்பு மாற்றிக்கொள்வது போன்ற அந்த நெருக்கத்தில் உறவு தொடங்கியிருக்கலாம், ஆக்சிஜனை எரிக்கும் திறமை பின்னால் பயன்பட்டிருக்கலாம் என்பதே எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த உயிரின் உடம்பிலிருந்து மெல்லிய கிளைகள் நீண்டிருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரரை மெல்லச் சுற்றி வளைக்க அவை போதும் என்று அதை வளர்த்தவர்களே கருதுகிறார்கள்.

வணக்கம்.