மலை ஏறும்போது பேக் வார் நழுவுதா? பக்கிளைத் திருப்பிப் பாருங்க

[காட்சி: தாணிப்பாறை அடிவாரம். ஒரு கை பேக் வாரை இழுத்து இறுக்குகிறது.]

தாணிப்பாறையில இறுக்கின வார், சதுரகிரி பாதி ஏறுறதுக்குள்ள தளர்ந்து பேக் கீழ இறங்கிடுதா? சும்மா இழுத்து இழுத்து விட்டா தீராது. எங்க நழுவுதுன்னு முதல்ல பிடிக்கணும்.

தையல் சாக்பீஸ் எடுங்க. தோள் வாரோட கீழ் நாடா, அதை இறுக்குற பக்கிளுக்குள்ள நுழையுற இடத்துல, இடது வலது ரெண்டு பக்க வார்லயும் ஒரு கோடு. பேக்குல 5 லிட்டர் தண்ணி வச்சு மாடிப்படியில பத்துத் தடவை ஏறி இறங்குங்க. ஒரு கோடு மட்டும் நகர்ந்தா அந்தப் பக்கத்துப் பக்கிள். ரெண்டும் நகர்ந்தா நாடா மேலதான் சந்தேகம். கோடு அசையவே இல்ல, ஆனாலும் பேக் தொங்குதுன்னா மேல்தையல் விட்டிருக்கும்.

[காட்சி: பக்கிள், மிக நெருக்கத்தில்.]

இதுல மூணு கம்பி. மேல்கம்பி தோள் மெத்தையோட சேர்த்துத் தைச்சது. பேக் அடியில இருந்து வர்ற நாடா, முதுகுப் பக்கமா மேல் சந்துல ஏறி, நடுக்கம்பியைச் சுத்தி, கீழ்ச் சந்துல இறங்கி, கீழ்க்கம்பிக்கு அடியில வெளிய வரணும். அந்தக் கீழ்க்கம்பியில பொடிப் பொடியா பல் இருக்கு பாருங்க. பாரம் இழுக்க இழுக்க அதுதான் நாடாவைக் கடிக்குது. துவைச்சுட்டு மாத்திக் கோர்த்தா பல்லுக்கு வேலையே இல்ல. காசில்லாத ரிப்பேர் இது, அதனால முதல்ல இதைப் பாருங்க.

கோர்த்தது சரியா? ஸ்கேல் வச்சு அளங்க. 25 மி.மீ. பக்கிள்ல 20 மி.மீ. நாடா போட்டா ஓரமா ஒதுங்கி நழுவும். மெலிசா வழவழன்னு இருக்கிற நாடாவும் அப்படித்தான். பல்லை நகத்தால தடவுங்க. நகம் வழுக்கினா தேய்ஞ்சுபோச்சு.

பாதி மலையில நழுவினா உருவு முடிச்சு போதும். வாரை இறுக்கி, தொங்குற நுனியைப் பக்கிளை ஒட்டினாப்புல, பாரம் தாங்குற நாடா மேல ஒரு சுத்து சுத்துங்க. நுனியை அந்தச் சுத்துக்குள்ள நுழைச்சு, முழுசா உருவாம காது மாதிரி விடுங்க, இழுத்தா அவிழ்ந்துடும். முடிச்சு கம்பியைத் தாண்டாது. சேஃப்டி பின் மட்டும் வேண்டாம். நாடா இழை அறுந்துடும், தோள்லயும் குத்தும்.

[காட்சி: பிளேடு, குத்தூசி, நைலான் நூல்.]

ஊருக்கு வந்ததும் பக்கிளை மாத்திடுங்க. பழைய தையலைப் பிளேடால பிரிச்சு, அதே அகலத்துல புதுசை மாட்டி, சதுரமும் நடுவுல பெருக்கல் குறியுமா நைலான் நூல்ல தைக்கணும். பருத்தி நூல் வேர்வையில இத்துப்போகும். வீட்டு மெஷின்ல மெத்தைத் தடிமனுக்கு ஊசி முறியும். செருப்பு தைக்கிறவர்கிட்ட கொடுங்க, அவர் குத்தூசிக்கு இது சாதாரணம். நாடா வெட்டின இடத்தை லைட்டர்ல லேசா உருக்கி, பக்கிள்ல கோர்த்த பிறகு நுனியை 2 செ.மீ. ரெண்டு மடிப்பா மடிச்சுத் தைங்க. மொத்தமா உருவிட்டுப் போகாது.

இழுக்க இறுக்கமா இருக்குன்னு பக்கிள்ல தேங்காய் எண்ணெய் தடவுறவங்களும் இருக்காங்க. தடவியிருந்தா, சோப்புத் தண்ணியில பழைய டூத் பிரஷ் வச்சு நாடாவையும் சேர்த்துத் தேய்ச்சுக் கழுவுங்க. காய்ஞ்சதும் சாக்பீஸ் கோட்டை மறுபடி போட்டு, மாடிப்படி ஏறிப் பாருங்க.