முந்தி முடிக்கிற பிள்ளை

வணக்கம் நேயர்களே.

நம் வீடுகளில் விருந்தாளி வந்தால் முதலில் தண்ணீர் வரும், அடுத்து பிள்ளை வரும். "மாமாவுக்கு ஒரு குறள் சொல்லு" என்போம். மூன்று வயதில் தேவாரம் பாடிய சம்பந்தரைக் கொண்டாடுகிறவர்கள் அல்லவா, மழலை வாயில் பெரிய சொல் வந்தால் பூரித்துப்போவோம். கண் பட்டிருக்கும் என்று ராத்திரி சுற்றியும் போடுவோம். அதே பிள்ளை மாமாவை எதிர்க்கேள்வி கேட்டால்? அதிகப்பிரசங்கி!

இப்படி முந்துகிற பிள்ளையைப் பள்ளி என்ன செய்கிறது? ஜப்பானில் தொடக்கப்பள்ளிப் பிள்ளை எத்தனை கெட்டிக்காரனானாலும் ஒரு வகுப்பைத் தாண்டி மேலே போக முடியாது. பிறவித் திறமையைவிட உழைப்பே பெரிது என்பது அங்கே ஊறிப்போன எண்ணம். சிங்கப்பூர் 1984 முதல் மூன்றாம் ஆண்டிலேயே தேர்வு வைத்து மீத்திறன் பிள்ளைகளைத் தனியே பிரித்தெடுத்தது. அந்த முறையை மாற்றப்போவதாக 2024-ல் அறிவித்துவிட்டார்கள்.

மலேசியாவில் நாமும் தாண்ட விட்டவர்கள்தான். 1996 முதல் 2000 வரை பி.டி.எஸ். (முதல் கட்ட மதிப்பீடு) தேர்வு இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? மூன்றாம் ஆண்டில் தேறியவர்கள் நேரே ஐந்தாம் ஆண்டுக்குப் போனார்கள். ஒன்பது வயதுக்கு டியூஷன் வைத்தோம். என்னைக் கேட்டால், தேர்வுக்குப் பழக்கப்பட்ட பிள்ளைகளைத்தான் அது அதிகம் கண்டுபிடித்தது.

இப்படிச் சலித்தெடுக்கும்போது தவறவிடுவது புதிதல்ல. 1921-ல் கலிபோர்னியாவில் டெர்மன் என்ற உளவியலாளர் மேதைப் பிள்ளைகளைத் தேடினார். அவர் தேர்வில் விடுபட்ட ஷாக்லியும் அல்வாரெஸும் பின்னாளில் இயற்பியலில் நோபல் பரிசு வாங்கினார்கள். நம் கணித மேதை ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் மற்ற பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தவர்.

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஒரு பையனைத் தெரியும், நான்காம் ஆண்டு. மற்றவர்கள் ஆறாவது கணக்கில் இருக்கும்போதே இருபதையும் முடித்துவிடுவான். அதற்குப் பரிசு, இன்னும் இருபது கணக்கு! பையன் விவரமானவன், மெதுவாகப் போடக் கற்றுக்கொண்டான். அப்புறம் வந்த ஆசிரியை, "வகுப்பே திணறுகிற மாதிரி நீ ஒரு கணக்கு உண்டாக்கு" என்றார். செந்தூல் தீமோரிலிருந்து ஒரு ரயில், மஸ்ஜித் ஜாமெக்கிலிருந்து ஒரு ரயில். வழியில் தித்திவாங்சா நிலையத்தில் கதவுக் கோளாறு, இரண்டு நிமிடம் தாமதம். எங்கே சந்திக்கும்? ஆசிரியையே ஓய்வு நேரம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினார்.

பாங்கியில், தேசியப் பல்கலைக்கழகத்தில், மீத்திறன் மாணவர்களுக்கான திட்டம் 2009-ல் தொடங்கியது. முயன்று பாருங்கள். அதற்கு முன், அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது மார்க்கை விசாரித்த கையோடு, "சீக்கிரம் முடித்துவிட்டால் என் பிள்ளை என்ன செய்கிறான், டீச்சர்?" என்றும் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.