ஓட்ட ஓட்ட நிரம்பிய பெட்ரோல் டேங்க்

வணக்கம், நேயர்களே. டிவிக்குப் பின்னால் இருக்கும் வயர்களை ஒரு அவசரத்தில் பிடுங்கிவிட்டு, எது எதில் இருந்தது என்று முழித்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அதே முழிப்பை ஒரு காருக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு, தலைக்கு மேல் இருபது வயர் தொங்க, முழித்துப் பாருங்கள். முப்பது வருடமாக எனக்குப் பொழுதுபோக்கு அதுதான்.

பழைய கார் என்று நான் சொன்னால் 1960-களின் பிரிட்டிஷ் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கை பழகியது அதில்தான். அதன் டேஷ்போர்டைக் கழற்றி மறுபடி மாட்டுவது பெரிய வித்தை இல்லை. வயரைக் கழற்றும் முன் ஒவ்வொன்றுக்கும், அது எங்கே போகிறது என்று எழுதிய சீட்டு கட்ட வேண்டும், அவ்வளவுதான். கழற்றிய பிறகு இல்லை, கழற்றும் முன். இதை இன்னும் இரண்டு தடவையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் ஒருமுறை ஒழுங்காகத்தான் சீட்டு கட்டினேன். மாஸ்கிங் டேப்பைக் கிழித்து, வயரில் கொடி மாதிரி ஒட்டி, பேனாவால் எழுதினேன். டேஷ்போர்டு பெயிண்ட் வேலைக்குப் போனது. ஒரு வாரம் என்றார்கள், நான்கு மாதம் ஆயிற்று. திரும்பி வந்து கதவைத் திறந்தால், என் சீட்டுகள் எல்லாம் சருகு மாதிரி தரையில் கிடக்கின்றன. பசை காய்ந்துவிட்டது. எழுத்து மட்டும் அழகாக இருந்தது!

சரி, நிறம்தான் இருக்கிறதே என்று நினைத்தேன். இந்தக் கார்களில் வயர் நிறத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, ஃப்யூஸ் கிடையாது. கறுப்பு என்றால் எர்த், அதாவது காரின் உலோக பாடி வழியே மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை. பச்சை, சாவி போட்டபின் ஃப்யூஸ் வழியாக வருவது. பெட்ரோல் டேங்கிலிருந்து வரும் வயர், பச்சையில் கறுப்புக் கோடு. இன்ஜின் சூட்டைச் சொல்லும் வயர், பச்சையில் நீலக் கோடு. அறுபது வருட அழுக்குக்கு அடியில், அதுவும் டார்ச் வெளிச்சத்தில், கறுப்பு எது, நீலம் எது? நான் ஊகித்து மாட்டினேன்.

டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். சாவி போட்டுக் கொஞ்ச நேரத்திலேயே, இன்ஜின் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருக்க, சூட்டு மீட்டர் முள் கொதிநிலைக்குப் போய்விட்டது. பெட்ரோல் மீட்டரோ காலி என்கிறது. இப்போதுதானே நிரப்பினேன்! ஓட்டினேன். ஓட்ட ஓட்ட பெட்ரோல் முள் மெல்ல மேலே ஏறுகிறது. பத்து நிமிடத்தில் பாதி டேங்க். உலகத்திலேயே ஓடினால் பெட்ரோல் ஊறும் கார் என்னுடையதுதான் என்று பக்கத்தில் இருந்த நண்பர் சிரித்தார். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

நடந்தது இதுதான். இரண்டு மீட்டரும் உள்ளே ஒரே வகை. வயர் வழியே எர்த்துக்குப் போகும் பாதையில் தடை குறைந்தால் முள் ஏறும். டேங்க் நிரம்பினாலும் தடை குறையும், இன்ஜின் சூடானாலும் குறையும். இரண்டு வயரையும் மாற்றி மாட்டியதால், பெட்ரோலைச் சூடு என்றும், சூட்டைப் பெட்ரோல் என்றும் அவை சொல்லிக்கொண்டிருந்தன. மீட்டர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அதற்குப் பிறகு நான் நிறத்தை நம்புவதில்லை. காரை முன்பு வைத்திருந்தவர் கையில் கிடைத்த சிவப்பு வயரை எங்கே சொருகினார் என்று யார் கண்டது? சீட்டில் இப்போது மூன்று விஷயம் எழுதுகிறேன்: எந்த மீட்டர், அதில் எந்த முனை, வயர் என்ன நிறம். எழுதியதன்மேல் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, சூடுகாட்டிச் சுருக்கிவிடுவேன். மீட்டரின் முதுகிலும் அதையே எழுதுவேன். ஃபோனில் படமும் எடுங்கள், ஆனால் முன்னால் இருக்கும் வயர் பின்னால் இருப்பதை மறைத்துவிடும். சீட்டுதான் முக்கியம். கழற்றும் முன்!

இன்னொன்று. அந்த மீட்டர்களுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பேட்டரி வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும், சராசரியாக 10 வோல்ட் மட்டும் மீட்டர்களுக்குக் கொடுப்பது அதன் வேலை. அதற்கு எர்த், அதைப் பிடித்திருக்கும் திருகு வழியாகத்தான். புதுப் பெயிண்டின்மேல் அந்தத் திருகைப் போட்டால் எர்த் கிடைக்காது, இரண்டு முள்ளும் சேர்ந்து உயரக் காட்டும். ஒரு முள் மட்டும் தப்பாகக் காட்டினால் அதன் வயரைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து தப்பாகக் காட்டினால் முதலில் பெட்டியைப் பாருங்கள்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். பேட்டரிக்குள் மின்சாரம் போகிறதா, வெளியே வருகிறதா என்று காட்டும் அம்மீட்டரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்து வந்தேன். சுருக்கமாக: அதன் முதுகில் இருக்கும் இரண்டு தடித்த வயர்களில், ஸ்டார்ட்டருக்குப் போவது தவிர, காரின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் போகும். இடம் மாற்றி மாட்டினால் முள் எதிர்ப்பக்கம் காட்டும், அது பரவாயில்லை. ஒன்று பாடியில் உரசினால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. நடுவில் ஃப்யூஸ் இல்லை, வயரே பழுத்துவிடும். அதனால் டேஷ்போர்டுக்குப் பின்னால் கை விடும் முன் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றிவிடுங்கள். அப்புறம் அந்தச் சிவப்பு சார்ஜிங் பல்பு... சரி, நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.